கைதட்டிப் பார்த்து எடுக்கும் வீடு

நியூயார்க்குக்குப் பக்கத்தில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹேக்கன்சாக் ஊரில், 1946-இல் ஒரு தம்பதி வீடு கட்டினார்கள். மகன் ரூடி வான் கெல்டர் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் தொழிலில் இருந்தவர், ஒலிப்பதிவில் பித்து. அவருக்காகக் கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். இந்தப் பக்கம் பதிவுக் கருவிகள், அந்தப் பக்கம் வாத்தியக்காரர்கள். 1959-இல் தனியாக ஸ்டுடியோ கட்டிக்கொண்டு போகும்வரை கண்ணாடித் தொழிலும் பதிவுத் தொழிலும் சேர்ந்தே நடந்தன. மைல்ஸ் டேவிஸும் தெலோனியஸ் மங்க்கும் வாசித்து, ஜாஸ் ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்கிற பல இசைத்தட்டுகள் அப்பா அம்மாவின் அந்தக் கூடத்தில் பதிவானவை. மங்க் தன் உருப்படி ஒன்றுக்கு ‘ஹேக்கன்சாக்’ என்றே பெயர் வைத்தார். மைக்கை எங்கே, எப்படி வைத்தார் என்ற ரகசியத்தை வான் கெல்டர் லேசில் வெளியே விட்டவரில்லை. தன் கருவிகளைப் பிறர் தொடவும் சம்மதிக்கமாட்டார்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹெட்லி கிரேஞ்ச் இன்னொரு வீடு. 1795-இல் ஏழைகள் விடுதியாகக் கட்டியது. லெட் செப்லின் குழு தங்கள் நான்காவது ஆல்பத்துக்காக அங்கே போய்த் தங்கியது. மாடிப்படிக்கட்டு ஏறும் உயரமான முன்கூடத்தின் தரையில் ஜான் பொன்ஹமின் டிரம்ஸை வைத்துவிட்டு, ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்தளத்துப் படிக்கட்டிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். 1971-இல் வெளிவந்த ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டின் அந்த டிரம்ஸ் ஒலியைப் பிற்பாடு எத்தனையோ பேர் வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டுகளில் ஒட்டிக்கொண்டார்கள்.

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, என்ன மைக் வாங்கலாம் என்பது. வாடகைக்கு எந்த வீட்டை எடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மைக்கை மாதத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். பதினொரு மாத ஒப்பந்தமும் அட்வான்ஸும் கொடுத்தபின் அறையின் நீள அகலத்தை யாரால் மாற்ற முடியும்?

ஓர் அறை வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிறது. உள்ளே எழுந்த ஒலியைச் சற்று நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சில சுரங்களுக்கு மட்டும் தனிச் சலுகை காட்டுகிறது. வீடு பார்க்கப் போகிறவர் காதில் உடனே விழுவது நடுவிலுள்ளது, அதாவது எதிர்முழக்கம். காலி அறையில் ‘ஹலோ’ என்றால் ‘லோ… லோ…’ என்று திரும்பி வரும். சிலர் அதில் மயங்கிவிடுவார்கள், சிலர் பயந்து ஓடிவிடுவார்கள். இரண்டுமே வீண். மூன்றில் மிகக் குறைந்த செலவில் சரியாகக் கூடியது அதுதான்.

இதை அளந்து காட்டியவர் ஹார்வர்டின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-இல் ஃபாக் அருங்காட்சியகத்தின் புது விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் வேலை அவர் தலையில் விழுந்தது. அங்கே சொன்ன ஒரு சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைத் தாண்டியிருப்பார். சபைன் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அரங்கில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, அது காதுக்குக் கேட்காமல் போகும்வரை நிறுத்துக் கடிகாரத்தில் நேரம் பார்த்தார். மெத்தையைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி அளந்தார். கடைசியில் கிடைத்த சூத்திரம் ஒரே வரி: அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, அறைக்குள் இருக்கும் மொத்த உட்கவர்தலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம். உட்கவர்தலுக்கு அவர் வைத்த அலகு, திறந்த ஜன்னல். ஒரு சதுர மீட்டர் திறப்பின் வழியே போன ஒலி திரும்பி வராது என்பதால் அது முழு மதிப்பெண். இந்தத் திறந்த ஜன்னலை நினைவில் வையுங்கள். மயிலாப்பூருக்குப் போகும்போது தேவைப்படும்.

சென்னை அடுக்ககத்தில் 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 63 சதுர மீட்டர். விட்ரிஃபைட் டைல்ஸ், பெயின்ட் அடித்த சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் ஸ்லாப் எல்லாமே மேலே விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். கணக்குப் போட்டால் எதிர்முழக்கம் சுமார் 3 நொடி. ஓர் இலவம்பஞ்சு மெத்தை, கனத்த திரைச்சீலைகள், கதவு திறந்த துணி அலமாரி, தரையில் ஜமுக்காளம், நிறையப் புத்தகங்கள் என்று சேர்த்து உட்கவர்தலை 10 சதுர மீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே அறை அரை நொடியில் அடங்கிவிடும். குடித்தனம் நடத்தும் எந்த வீட்டிலும் இருக்கிற சாமான்தான் இவ்வளவும்.

இதில் பாடுபவருக்கு நேரடியாகப் பயன்படும் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. மைக்கை வாயருகே வைத்தால் நேரே வரும் குரல் ஓங்கியிருக்கும். தள்ளத் தள்ள அது குறையும். அறையின் முழக்கமோ எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டும் சமமாகும் தூரம் அந்தக் காலி அறையில் 8 அங்குலம். அதற்கப்பால் மைக் பதிவு செய்வது பாடகரைவிட அறையைத்தான். சாமான் நிரப்பிய பிறகு அந்தத் தூரம் ஒன்றரை அடியாகிறது. பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் வீட்டுச் சிறிய படுக்கையறையில் உருவானது. 2020-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. முணுமுணுக்கும் குரல், வாயோடு ஒட்டிய மைக், மீதி வாத்தியங்களில் பெரும்பகுதி கணினிக்குள்ளேயே பிறந்தவை. அந்த வகை இசைக்கு அறை ஒரு பொருட்டில்லை.

வீணைக்கு அந்தச் சலுகை கிடையாது. குடத்தின் முன்னே எட்டு அங்குலத்தில் மைக் வைத்தால் மீட்டின் தட்டலும் விரல் இழையும் சத்தமும்தான் தூக்கலாக வரும். பலகை, தண்டி, சுரைக்காய் எல்லாம் சேர்ந்து ஒரே ஒலியாக இணைய இரண்டடியாவது விலக வேண்டும். நாகஸ்வரம் திறந்த வெளிக்கும் கோவில் பிராகாரத்துக்கும் பிறந்த வாத்தியம். அதற்கு இன்னும் தூரம் வேண்டும். ஆகவே வீட்டைத் தேடுமுன் எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. தூரம் கேட்கும் வாத்தியம் பெரிய அறையைக் கேட்கும்.

இனி, காசு கொடுத்தும் லேசில் மாற்ற முடியாத விஷயத்துக்கு வருவோம்.

எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டுக்கு நடுவே ஒலி போய்ப்போய் வரும்போது, சுவர்களின் இடைவெளியோடு பொருந்துகிற அலை மட்டும் தன்மேல் தானே படிந்து நிலை அலையாகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கணு, எதிர்க்கணு என்று படித்தோமே, அதுதான். நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். சுவர்களுக்கு இடையே 10 அடி என்றால் இப்படி நிற்கும் முதல் அலை 57 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 114, மும்மடங்கு 171 என்று மேலே போகும். அந்த அதிர்வெண்களில் அறை தானும் சேர்ந்து பாடும்; நடுவிலுள்ளவற்றுக்கு வாய் திறக்காது. மேல் ஸ்தாயிக்குப் போகப் போக இந்த அலைகள் நெருக்கமாகிக் கலந்துவிடுவதால் காது பொருட்படுத்தாது. வீட்டு அறைகளில் சுமார் 250 ஹெர்ட்சுக்குக் கீழேதான் தொல்லை. ஆண்குரலின் அடித்தளமும் மிருதங்கத்தின் தொப்பியும் தம்பூராவின் மந்தரத் தந்தியும் நிற்கிற இடம் அதுவேதான்.

ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் பார்த்துவிடலாம். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணுக்கு ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் 98. அறையின் நீளம் பதினொன்றே முக்கால் அடி என்றால் அதன் இரண்டாவது நிலை அலை ஏறக்குறைய அதே 98-இல் வந்து நிற்கிறது. அந்த அலைக்கு இரு சுவர்களிலும் அறையின் நட்டநடுவிலும் அழுத்தம் உச்சம். சுவரிலிருந்து மூன்றடியில் கணு. அழகாக இருக்கட்டும் என்று மைக்கை அறை நடுவில் வைத்துப் பாடுகிறார். சட்ஜத்திலிருந்து கீழே இறங்கி மந்தர பஞ்சமத்தைத் தொட்டதும் பதிவில் அந்த ஒரு சுரம் மட்டும் ‘கும்’மென்று வீங்குகிறது. குரலில் கோளாறு என்று நினைத்து இன்னும் மெதுவாகத் தொடுகிறார்; பயனில்லை. மைக்கையும் தன்னையும் நகர்த்தி, மைக் சுவரிலிருந்து மூன்றடியில் வருமாறு உட்கார்ந்தால் வீக்கம் அடங்கிவிடும், சில சமயம் சுரமே மெலிந்தும் போகும். குரலும் மைக்கும் அவையேதான்; மாறியது மூன்றடி இடம் மட்டும்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் வெவ்வேறாக இருந்தால் இந்தச் சலுகை பல சுரங்களுக்கும் பரவி, எதற்கும் அதிகமாகப் போய்ச் சேராது. மூன்றும் ஒன்றாக இருந்தால்? நம் பில்டர்களுக்குப் பிரியமான பத்துக்குப் பத்து அறையில் கூரையும் பத்தடி. மூன்று திசையும் கூடி அதே 57-ஐயும் 114-ஐயும் தூக்கும். இசைக்கு இதைவிட மோசமான வடிவத்தை வேண்டுமென்றே செய்ய முயன்றாலும் செய்ய முடியாது. 1971-இல் லௌடன் என்ற ஆய்வாளர் பல விகிதங்களைக் கணக்கிட்டு, 1 : 1.4 : 1.9 என்பதை மேலானது என்று சொன்னார். பத்தடிக் கூரைக்கு 14 அடி அகலம், 19 அடி நீளம். அடுக்ககத்தில் அந்த அளவு கூடத்துக்கு மட்டுமே வாய்க்கும். ஆகவே விகிதத்தை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சதுரத்தைத் தவிர்த்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின் இரட்டிப்பாக இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஃபோம் ஒட்டினால் தீராதா என்பார்கள். சுவரில் பதிக்கும் பொருள் அலைநீளத்தில் கால் பங்காவது தடிமன் இருந்தால்தான் முழுமையாக வேலை செய்யும். 57 ஹெர்ட்ஸ் அலைக்குக் கால் பங்கு ஐந்தடி! இரண்டு அங்குல ஃபோம் கீச்சொலியை விழுங்கிவிட்டு அடியொலியை அப்படியே விட்டுவிடும். அறை முழுக்க அதை ஒட்டினால் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். முட்டை அட்டையைப் பற்றி ஒரே வார்த்தை: முட்டைக்கு நல்லது. நிலை அலைகள் எல்லாமே மூலைகளில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், சுருட்டிய மெத்தைகளையும் பஞ்சு மூட்டைகளையும் மூலையில் கூரைவரை அடுக்குவது கொஞ்சம் உதவும். ஆனால் அறையையே அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்க வேண்டியிருக்கும்.

வெளிச்சத்தம் இதைவிடப் பிடிவாதமானது. குடியிருப்புப் பகுதிகளுக்கு நம் சட்டம் அனுமதிக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலத்தில் 50-உம் 40-உம். (அமைதி மண்டலம் என்று நம்பி மருத்துவமனைக்கு எதிரே வீடு எடுத்தால் ஆம்புலன்ஸ் பாடும்.) நன்கு பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபலை வெளியிலேயே நிறுத்திவிடும். அத்தனை பெரிய சுவரைத் தோற்கடிக்க ஒரு சின்ன ஓட்டை போதும். பத்தடிக்குப் பத்தடிச் சுவரில் ஒரு சதுர அடி வென்டிலேட்டர் திறந்திருந்தால், அது பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. அந்த வழியே நூற்றில் ஒரு பங்கு ஒலி தாராளமாக உள்ளே வரும். கணக்குப்படி சுவரின் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது, சுவர் கோட்டைச் சுவராகவே இருந்தாலும். அதனால் சுவரைத் தட்டிப் பார்ப்பதைவிட ஜன்னல் சட்டத்தையும் கதவின் அடி இடுக்கையும் பழைய விண்டோ ஏசி எடுத்த ஓட்டையையும் பார்ப்பது புத்திசாலித்தனம். பெரும்பாலான வீடுகளில் பல டெசிபல்களை ரப்பர் பட்டையும் சிலிக்கானும் வைத்தே மீட்டுவிடலாம்.

காற்றில் வராமல் கட்டடத்தின் வழியே வருவதற்கு ரப்பர் பட்டை உதவாது. லிஃப்ட் மோட்டார், போர் மோட்டார், மேல்வீட்டில் கடப்பைக்கல் மேடையில் ஓடும் மிக்ஸி, தரதரவென்று இழுக்கப்படும் நாற்காலி. தூண், பீம், ஸ்லாப் வழியாகச் சத்தம் இறங்கி உங்கள் சுவரையே ஒலிபெருக்கியாக்கிவிடும். மேல்மாடி வீடாக எடுத்தால் தலைக்குமேல் நடமாட்டம் இருக்காது. மே மாதத்தில் அந்த ஸ்லாப்பின் கீழ் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு வர்ணம் முழுக்கப் பாடிப் பார்த்தால் அதன் விலையும் தெரியும்.

பழைய வீடுகள் பக்கம் போகலாம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணித் தெருக்களில் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கூரை, தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி அதன்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியது. அரையடி ஆழத்துக்குத் தொங்கும் அந்தக் கட்டைகள் மேல் ஸ்தாயி ஒலியைப் பல பக்கமும் சிதறடிக்கும். கூரைக்கும் தரைக்கும் நடுவே ஒலி பந்தாடாது. உயரமும் பன்னிரண்டு அடிக்குக் குறையாது. முற்றம் வைத்த வீடாக இருந்தால் சபைனின் திறந்த ஜன்னல் தரையைப் பார்த்தபடி வானத்தில் இருக்கிறது. பத்தடிக்கு எட்டடி முற்றம் என்பது ஏழு சதுர மீட்டருக்கு மேல் முழு உட்கவர்தல். அதைவிடப் பெரிய விஷயம், மெத்தையால் விழுங்க முடியாத அடியொலியும் அந்த வழியே போய்விடுவது. முற்றத்தை ஒட்டிய கூடத்தில் மிருதங்கத்தின் தொப்பி தெளிவாக, கனமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். பல வீடுகளில் குரங்குக்கும் மழைக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிட்டார்கள். அப்போது இந்தச் சூத்திரம் பாதிதான் பொருந்தும், மழைக்காலத்தில் ஷீட்டே தனி ஆவர்த்தனம் வாசிக்கும். திறந்த முற்றத்திலோ காக்கையும் குயிலும் கச்சேரிக்கு வரும். விடியுமுன் எழுந்து பதிவு செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல அறை சென்னையில் கிடைப்பது அரிது என்பேன்.

செட்டிநாட்டு வீடு படத்தில் பார்க்க அழகு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்காகத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். தூண் வரிசையுள்ள பெரிய முகப்பில் நாகஸ்வரத்துக்கு அது பொருந்தும், நெருக்கமான பாட்டுக்குப் பொருந்தாது. ஓட்டு வீட்டில் கூரை சாய்வாக இருப்பதால் தரைக்கும் அதற்கும் நடுவே நிலை அலை வலுக்காது. ஓட்டிடுக்குகளின் வழியே தெருவே உள்ளே வந்துவிடும்.

புரோக்கரோடு வீடு பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடாவும் போனும் உங்கள் குரலும் போதும். முதலில் அறையை அளந்துவிடுங்கள். சதுரமாக இருந்தால் அடுத்த அறைக்குப் போய்விடலாம். பிறகு ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். பத்தடி இடைவெளிச் சுவர்களுக்கு நடுவே தட்டல் நொடிக்கு 57 தடவை போய்வருவதால் ‘ட்ர்ர்ர்’ என்று கம்பி அதிர்வதைப் போன்ற ஒலி வரும். ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி வைத்தாலே அது போய்விடும் என்பதால் அதற்காக வீட்டை நிராகரிக்க வேண்டியதில்லை. அடுத்து, மந்தர பஞ்சமத்திலிருந்து மேலே மெதுவாக ஒரே சீராக இழுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் அறை திடீரென்று கூடச் சேர்ந்து பாடுகிறது, எங்கே குரல் காணாமல் போகிறது என்று கவனியுங்கள். மூலையில் நின்று பாடினால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். புரோக்கர் ஒருமாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அதே வீட்டுக்கு இன்னொரு வேளையிலும் போய்வர வேண்டும். காலை ஏழரைக்குக் குக்கர் விசில், மாலை நாலு மணிக்குப் பள்ளி வேன், மார்கழியில் கோவில் ஒலிபெருக்கி. ஃபிரிட்ஜ் எந்தச் சுவருக்குப் பின்னால், இன்வெர்ட்டர் எங்கே, கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர் எந்த ஜன்னலுக்குக் கீழே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைக்காரருக்கு மந்தர பஞ்சமத்தில் இலவசத் தம்பூரா, கொஞ்சம் சுருதி கூடியது.

எல்லாம் பார்த்துவிட்டு, இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், சிறிய அறையை ஸ்டுடியோவுக்கு ஒதுக்கிக் கூடத்தை விருந்தாளிக்கு வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அதை மாற்றிப் போடுங்கள். வீட்டிலேயே பெரிய, சதுரமில்லாத அறை கூடம்தான். சாப்பாட்டு மேசைப் பக்கம் விரியும் அந்த எல் வடிவம் நிலை அலைகளைக் கலைத்தும் விடும். டிவியைப் படுக்கையறைக்கு மாற்றும் பேச்சுவார்த்தையை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வீட்டிலுள்ளவர்களோடு முடித்துக்கொள்வது உத்தமம்.